முனைவர் பட்டத்துக்குப் பின்னும் மாணவர்

மகளுக்கு அறிவியல் பாடங்களில் நல்ல தேர்ச்சி. "மருத்துவம் வேண்டாம், ஆராய்ச்சிக்குப் போகிறேன்" என்கிறாள். உடனே வீட்டில் கலக்கம். வேலை நிரந்தரமா, சம்பளம் யார் கொடுப்பார் என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்விதான். அதற்கு நேர்மையான பதில் வேண்டுமென்றால் வெங்கி ராமகிருஷ்ணனின் வாழ்க்கையைப் பார்க்கலாம்.

1952இல் சிதம்பரத்தில் பிறந்தவர். 2009இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது தமிழர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். (அவரோ மூன்று வயதிலேயே பரோடாவுக்குப் போய்விட்டவர். முன்பின் தெரியாதவர்களின் மின்னஞ்சல்கள் வந்து குவிகின்றன என்று அப்போது சலித்துக்கொண்டார்!) பரிசுக்கு முந்தைய ஆண்டுகளைப் பற்றி மட்டும் நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை.

மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தும், அறிவியல் உதவித்தொகை கைக்கு வந்ததால் இயற்பியல் படித்தார். 1976இல் அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். அதற்குள் திருமணமும் ஆகிவிட்டது. ஆனால் மனம் உயிரியலுக்குத் தாவியது. முனைவர் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே கலிபோர்னியாவின் சான் டியேகோவில் மறுபடியும் மாணவராகச் சேர்ந்தார்! நம் வீட்டுப் பிள்ளை இப்படிச் செய்தால் என்ன சொல்வோம்?

பட்டம் வாங்கியவுடன் பேராசிரியர் நாற்காலி காத்திருக்காது. இன்னொருவரின் ஆய்வுக்கூடத்தில் சில ஆண்டுகள் ஒப்பந்த ஆய்வாளராக உழைக்கவேண்டும். 'போஸ்ட்டாக்' என்பார்கள். வெங்கி அதை யேல் பல்கலைக்கழகத்தில் செய்தார். அங்குதான் ரைபோசோம் ஆய்வில் இறங்கினார். ரைபோசோம் என்பது உயிரணுவுக்குள் புரதம் தயாரிக்கும் தொழிற்சாலை. பிறகு சுமார் 50 பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தார். ஒன்றிலும் வேலை கிடைக்கவில்லை. அரசாங்க ஆய்வுக்கூடங்களில்தான் இடம் கிடைத்தது.

அடுத்த தலைவலி மானியம். கருவிகள், ரசாயனங்கள், உதவியாளர் சம்பளம் எல்லாவற்றுக்கும் ஆய்வாளரே திட்டம் எழுதிப் பணம் கேட்கவேண்டும். சில ஆண்டுகளில் அது முடிந்துவிடும், மீண்டும் எழுதவேண்டும். ஆபத்தான, நீண்டகால ஆய்வுக்கு இந்த முறை ஒத்துவராது. அதனால்தான் 1999இல் வெங்கி, சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்கு மாறினார். அங்கே நிதி நிலையாக இருந்தது. மறு ஆண்டே ரைபோசோமின் சிறிய பாகத்தின் அமைப்பை அவர் குழு வெளியிட்டது. டெட்ராசைக்ளின் போன்ற மருந்துகள் கிருமியின் ரைபோசோமில் எங்கே போய் ஒட்டிக்கொள்கின்றன என்பதும் தெரியவந்தது. நோபல் பரிசு வர இன்னும் ஒன்பது ஆண்டுகள்!

எல்லாருக்கும் இப்படி ஓர் இடம் அமைவதில்லை. ஹங்கேரியில் பிறந்த கேட்டலின் கரிக்கோ, அமெரிக்காவில் எம்ஆர்என்ஏ ஆய்வுக்கு மானியம் கிடைக்காமல் 1995இல் பதவி இறக்கப்பட்டார். கோவிட் தடுப்பூசிக்கு வழிவகுத்த அதே ஆய்வுக்கு 2023இல் நோபல் கிடைத்தது. பரிசு பெறாமலே இதே பாதையில் நடந்து ஓய்வுபெற்றவர்கள்தான் அதிகம்.

ஆகவே மகளைத் தடுக்கும் முன், அவளோடு உட்கார்ந்து சிலவற்றை விசாரியுங்கள். உபகாரச் சம்பளம் எத்தனை ஆண்டுக்கு? வழிகாட்டும் பேராசிரியரிடம் முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? பட்டத்துக்குப் பிறகு வெளிநாடு போகவேண்டி வந்தால் யார் துணை? அவளிடம் பதில் இல்லையென்றால், அந்தப் பேராசிரியரையே நேரில் போய்க் கேட்கலாம்.