ஆட்டத்தைக் கற்பிப்பது எப்படி?

சென்ற கோடை விடுமுறையில், பதினோரு வயதான என் மகன் கேட்டுக்கொண்டதற்கிணங்க ஒரு கணினி விளையாட்டை விலை கொடுத்து வாங்கினேன். சிற்றூர் ஒன்றை ஆளத் தொடங்கிப் பேரரசு நிறுவும் விளையாட்டு அது. "அப்பா, இருவரும் சேர்ந்தே கற்றுக்கொள்ளலாம்" என்றான். இரவுச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் அமர்ந்தோம்.

முதலில் 'டுடோரியல்' என்னும் பயிற்சிப் பகுதி வந்தது. ஓர் அம்புக்குறி தோன்றி, "இதை அழுத்து" என்றது, அழுத்தினேன். "அதைத் திற" என்றது, திறந்தேன். வரி, தானியம், படை, சட்டம், சமயம், வாணிகம் என்று பலகைக்குமேல் பலகை விரிந்தது. ஒவ்வொன்றிலும் பத்திப் பத்தியாக ஆங்கிலம். முக்கால் மணி நேரம் கழிந்தபின், "பயிற்சி முடிந்தது, இனி உன் நாட்டை நீ ஆளலாம்" என்ற வாழ்த்துரையுடன் அம்புக்குறி மறைந்தது. அடுத்து என்ன செய்வதென்று எனக்கும் விளங்கவில்லை, அவனுக்கும் விளங்கவில்லை. பையன் கொட்டாவி விட்டு எழுந்து போனான். "நமக்கு மூளை அவ்வளவுதான்" என்று நானும் படுத்துவிட்டேன்.

பிறகு இந்தப் பொருளைப் பற்றிச் சிறிது படித்துப் பார்த்தேன். குறை பெரும்பாலும் கற்பவனிடம் இல்லை, கற்பிக்கும் முறையில்தான் உள்ளது என்பது தெரிந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இத்தகைய ஆட்டங்களில் ஈடுபட்டிருக்கிறார்கள். சிலர் அவற்றை உருவாக்கும் தொழிலுக்கே செல்லக்கூடும். ஆதலின் நான் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

சிக்கலான ஆட்டம் என்பது கைவேகத்தைச் சோதிப்பதன்று. ஒன்றோடொன்று பின்னிய பல உறுப்புகளைக் கொண்டது அது. 1991இல் வெளிவந்த 'சிவிலைசேஷன்' அத்தகையது. அக்காலத்தில் ஆட்டத்துடன் பெட்டியிலேயே தடித்த கையேடு ஒன்றும் வரும். ஆடுபவர் அதைப் படித்துவிட்டு ஆடுவார். நாளடைவில் பெட்டியும் போயிற்று, கையேடும் போயிற்று. கற்பிக்கும் பொறுப்பு ஆட்டத்தின் உள்ளேயே வந்து சேர்ந்தது. ஆனால் பலர் செய்தது என்ன? அந்தக் கையேட்டைத் துண்டு துண்டாக்கி ஆட்டத்தின் வாசலில் நிறுத்திவிட்டார்கள். என்னை உறங்கச் செய்தது அப்படிப்பட்ட வாசல்தான்.

வேறு வழி உண்டா? உண்டு. 1985இல் ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம் வெளியிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' என்ற ஆட்டத்தின் முதற்கட்டத்தைப் பாருங்கள். விளக்கச் சொல் ஒன்றுகூட அதில் இல்லை. மாரியோ திரையின் இடப்பக்கம் நிற்கிறான், வலப்பக்கம் வெட்டவெளி. போக வேண்டிய திசையைக் குழந்தையும் அறிந்துகொள்ளும். சிறிது தூரத்தில் ஓர் எதிரி வருகிறான். மோதினால் உயிர் போகும், தாண்டினால் பிழைக்கலாம். உயிர் போனாலும் இழப்பு சில நொடிகளே. அடுத்து ஒரு கட்டியை முட்டினால் காளான் ஒன்று வெளிப்படுகிறது. எதிரியின் உருவமும் காளானைப் போன்றதே. ஆகவே புதியவர் இதையும் கண்டு அஞ்சலாம். காளானோ அருகிலுள்ள குழாயில் முட்டித் திரும்பி, அவரை நோக்கியே வருகிறது. தப்ப முயன்றாலும் பெரும்பாலும் மேலே வந்து படும். பட்டவுடன் மாரியோ பெரிய உருவம் பெறுகிறான். "இது நல்லது" என்ற பாடம் அத்துடன் முடிந்தது.

இதே கட்டத்தின் பிற்பகுதியில் எதிரெதிரே இரண்டு படிக்கட்டுகள் உள்ளன. அவற்றின் நடுவே தரை இருப்பதால் விழுந்தாலும் ஆபத்தில்லை. அடுத்து அதேபோன்ற மற்றோர் இணை. அதன் நடுவே பள்ளம். வெள்ளோட்டம் முன்னே, உண்மை ஓட்டம் பின்னே! இதை அமைத்த சிகெரு மியாமோட்டோவை ஒரு நல்லாசிரியர் என்றே நான் கருதுகிறேன்.

"ஓடித் தாண்டும் ஆட்டத்துக்கு இது சரி, திட்டமிட்டு ஆட வேண்டியதற்குப் பொருந்துமா?" என்று வாசகர் வினவலாம். அதற்கு விடை 2009இல் வெளிவந்த 'பிளான்ட்ஸ் வெர்சஸ் ஜாம்பீஸ்'. வீட்டை நோக்கி நடந்து வரும் பிணங்களைத் தோட்டத்துச் செடிகளைக் கொண்டு தடுக்கும் வேடிக்கையான ஆட்டம் அது. அதை உருவாக்கிய ஜார்ஜ் ஃபான், 2012இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த விளையாட்டு வடிவமைப்பாளர் மாநாட்டில், தம் தாயாரை அந்த ஆட்டத்தை இறுதிவரை ஆடச் செய்தது எவ்வாறு என்று ஓர் உரை நிகழ்த்தினார். அவர் கூறியவற்றின் சாரம் இது: பாடத்தைத் தனியே பிரிக்காமல் ஆட்டத்தோடு கலந்துவிடு, படிக்கச் சொல்லாதே, செய்யச் சொல், எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே கொட்டாதே, ஒரே நேரத்தில் திரையில் எட்டுச் சொற்களுக்குமேல் வேண்டாம், தடுமாறுபவருக்கு மட்டும் உதவிக் குறிப்புத் தோன்றட்டும்.

அவர் சொன்னதைச் செய்தும் காட்டியிருக்கிறார். தோட்டத்தில் மொத்தம் ஐந்து வரிசைகள். முதற்கட்டத்தில் ஒரே ஒரு வரிசையில்தான் புல் இருக்கும். ஒரே ஒரு செடிதான் கையில் இருக்கும். பிறகு மூன்று வரிசைகள், அதன் பின்னரே ஐந்து. இன்னொன்று சொல்ல வேண்டும். செடி வாங்கும் செல்வத்தைத் தருவது சூரியகாந்தி. அதை முதலில் நட வேண்டும். தொடக்கத்தில் அதன் விலை 100 என்று வைத்திருந்தார். புதியவர்கள் அதைப் போதிய அளவு நடவில்லை. "சூரியகாந்தியை முதலில் நடுக" என்று எழுதி வைத்தால் பயனுண்டா? அவர் விலையை 50 ஆகக் குறைத்தார். பட்டாணி உமிழும் செடியின் விலை 100 ஆகவே இருந்தது. மக்கள் தாமாகவே சூரியகாந்தியை முதலில் நட்டார்கள். சொல்லால் சொல்லாமல் விலையாலேயே பாடம் நடத்திவிட்டார்.

இதைப் படித்ததும் நானும் ஒரு சோதனை செய்தேன். ஊரிலிருந்து வந்து எங்களுடன் இருக்கும் என் தாயாருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. பகல் வேளையில் அவருக்குப் பேச்சுத்துணையும் இல்லை. அண்டை அயலார் பேசும் மொழி வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பையன் கைப்பேசியை அவரிடம் கொடுத்தான். "ஒன்றும் சொல்லிக் கொடுக்காதே" என்று அவனுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். "இதை எங்கடா வைக்க?" என்று கேட்டுக்கொண்டே அவர் விரல் புல்லைத் தொட்டுவிட்டது. செடி முளைத்தது. "அட!" என்றார். வானத்திலிருந்து விழும் சூரியனைப் பொறுக்க வேண்டும் என்பதை மட்டும் அவர் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தார். பத்து நாட்களில், தோட்டத்தின் நடுவே குளம் வரும் கட்டத்தை எட்டினார். இப்போது மாலையில் பேரன் பள்ளியிலிருந்து வந்ததும், "நீ எந்த மட்டும் போயிருக்கே ஆச்சி?" என்றுதான் முதலில் கேட்கிறான்.

இன்னும் கடினமான ஆட்டங்களில் வேறொரு விதி புலப்படுகிறது. தேவை எழுந்த பின்னரே விடை இனிக்கும். 2020இல் முழுமை பெற்று வெளிவந்த 'ஃபாக்டோரியோ' ஆலைகளை அமைக்கும் ஆட்டம். அதில் ரயில் பாதையும் உண்டு, சிக்னலும் உண்டு. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்துங்கூட அந்தச் சிக்னல்களைப் பற்றிய விளக்கத்தை முதலில் படித்தபோது எனக்கு ஒன்றும் மனத்தில் பதியவில்லை. காரணம், என் பாதையில் ஓடியது ஒரே வண்டி. ஒரே வண்டிக்குச் சிக்னல் எதற்கு? இரண்டாவது வண்டியை விட்டதும் வழி முடங்கியது. அப்போதுதான், பாதையைப் பகுதிகளாகப் பிரித்து ஒரு பகுதிக்குள் ஒரு வண்டியை மட்டும் விடுவது என்ற ஏற்பாட்டின் அருமை விளங்கிற்று. இந்த ஆட்டத்தின் குறிப்புப் பகுதியில், சிறிய ஓடும் காட்சிகளாகவே பொறிகளின் இயக்கத்தைக் காட்டுகிறார்கள். கண்ணால் ஒருமுறை கண்டது, காதால் பலமுறை கேட்டதை வெல்லும்.

சொற்களே வேண்டாம் என்பதும் என் கருத்தன்று. ஸ்வீடன் நாட்டுப் பாரடாக்ஸ் நிறுவனம் 2020இல் வெளியிட்ட 'குரூசேடர் கிங்ஸ் 3' இடைக்கால அரசர்களைப் பற்றியது; விளக்கம் இன்றி அதை ஆட இயலாது. அந்த ஆட்டம் புதியவரைப் பரந்த உலக வரைபடத்தில் திகைக்க விடாமல், அயர்லாந்துத் தீவின் ஒரு சிற்றரசராக அமர்த்திப் பயிற்றுகிறது. விளங்காத சொல்லின்மேல் குறியை வைத்தால் அதன் உரை விரிகிறது. அவ்வுரையில் விளங்காத சொல் இருந்தால் அதற்கும் ஓர் உரை விரிகிறது. மூலம், அதற்கு உரை, அவ்வுரைக்கு விளக்கம் என்று பழகிய நமக்கு இது புதிதன்று. வேண்டுவோர் வேண்டும்போது விரித்துக்கொள்வதே இதன் சிறப்பு.

அமெரிக்காவின் ஆடம்ஸ் சகோதரர்கள் 2006இல் வெளியிட்ட 'டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ்' இதற்கு நேர்மாறாக இருந்தது. மனிதர், மரம், மலை யாவும் எழுத்துகளும் குறிகளுமே. பிற ஆட்டக்காரர்கள் எழுதிய நெடிய விளக்கங்களின் துணையின்றி உள்ளே நுழைவது அரிது. 2022 டிசம்பரில் படங்களும் பயிற்சிப் பகுதியும் கொண்ட பதிப்பு வந்தது. அப்போதும் ஆட்டத்தின் ஆழம் குறையவில்லை; வாசல்தான் அகலமாயிற்று.

"தட்டுத்தடுமாறிக் கற்பதில்தானே இன்பம்?" என்பாரும் உளர். உண்மைதான். ஆயினும் கோட்டையைப் பிடிப்பது கடினமாக இருப்பது வேறு, கோட்டை எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் அலைவது வேறு. முன்னதில் இன்பம் உண்டு; பின்னதில் சலிப்பே மிஞ்சும். முன்பே அறிந்தவர் பயிற்சியைத் தாண்டிச் செல்ல வழி இருந்தால் அவர்களுக்கும் குறையில்லை.

பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நமக்கு இது நன்கு விளங்கும். நான் மும்பைக்கு வந்த புதிதில், ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எல்லா ரயில் தடங்களையும் சொல்லிக் கொடுத்தார். ஒன்றும் நினைவில் நிற்கவில்லை. மறுநாள் பக்கத்து வீட்டு அண்ணாச்சி நிலையத்துக்கு உடன் வந்தார். "தம்பி, ரெண்டு நாளைக்கு ஸ்லோ வண்டியிலேயே போ. அது எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும். ஃபாஸ்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார். அவ்வளவுதான். மூன்றாம் நாள் ஃபாஸ்ட் வண்டியில் தவறி ஏறி, என் நிலையத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன். அதன் பிறகு இன்றுவரை அந்தத் தவறு நேர்ந்ததில்லை. அண்ணாச்சி எனக்குச் செய்ததுதான் நல்ல பயிற்சிப் பகுதி.

நம் இளைஞர்களுள் கணினித் தொழில் பயில்வோருக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் ஓர் ஆட்டம் செய்தால், அதைப் பார்த்தே இராத ஒருவரை, இயன்றால் உங்கள் தாயாரையோ பாட்டியையோ, அதன்முன் அமர்த்துங்கள். பின்னால் நின்று பாருங்கள், வாய் திறக்காதீர்கள். அவர் விரல் எங்கே தயங்குகிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே இன்னொரு பத்தி எழுதாதீர்கள். அந்த இடத்தையே மாற்றி அமையுங்கள்.

எங்கள் பேரரசு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். சென்ற வாரம் பையனே எனக்கு ஆசிரியனானான். மற்றப் பலகைகளையெல்லாம் மூடிவிட்டு, "அப்பா, இன்றைக்கு நீங்கள் தானியத்தை மட்டும் பாருங்கள்" என்றான். இரவு பதினொரு மணிக்கு என் சிற்றூரில் பஞ்சம் வந்தது. ஏன் வந்தது என்று எனக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் மாலை அலுவலகத்திலிருந்து விரைந்து வீடு திரும்பினேன்.