வெளிநாட்டுப் பொதியில் வரும் அமிலக் கிறீம்: மயிலிட்டி வெயிலுக்கு ஏற்றதா?

1990இல் இடம்பெயர்ந்த மயிலிட்டி மக்களின் துறைமுகமும் அதைச் சூழ்ந்த காணியில் ஒரு பகுதியும் 27 ஆண்டுகளின் பின், 2017 ஜூலையில் விடுவிக்கப்பட்டன. அந்த 27 ஆண்டுகளில் லண்டன், பாரிஸ், ரொறன்ரோ என்று சிதறிய உறவுகள் இன்று அனுப்பும் பொதிகளில் சொக்லேற்றுடன் முகக் கிறீமும் வருகிறது. குளிர்நாட்டுக் கடையில் வாங்கிய அந்தக் கிறீமைக் கடற்கரை வெயிலில் பூசும்போதுதான் சிக்கல்.

இவற்றில் இரண்டு அமிலங்களை அடிக்கடி காணலாம். சலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரையும். அதனால் எண்ணெய் அடைத்த தோல் துவாரத்துக்குள் இறங்கி, அங்கு தேங்கிய இறந்த கலங்களைத் தளர்த்தும். எண்ணெய்ச் சருமத்துக்கும் கரும்புள்ளிக்கும் பொருத்தமானது இதுவே, 0.5 முதல் 2 சதவீதம் போதும். கிளைக்கோலிக் அமிலம் நீரில் கரைவது, மேற்தோலை உரிப்பது. இதைப் பூசிய தோல் வெயிலில் எளிதில் எரியும். நிறுத்திய பின்னரும் ஒரு வாரம் வரை வெயிலில் கவனம் தேவை என்கிறது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம்.

நம்மைப் போன்ற மாநிறத் தோலில் எரிவு அதோடு முடிவதில்லை. எரிந்த இடம் கறுத்து, மாதக்கணக்கில் மாறாமல் நிற்கும். கறுப்பைப் போக்கப் பூசியதே கறுப்பைத் தருகிறது. அதிகாலை கடலுக்குப் போய் வெயிலேற வள்ளம் திரும்பும் ஒருவருக்கும், கரையில் மீன் காயவைக்கும் பெண்ணுக்கும் கிளைக்கோலிக் வேண்டாம் என்பதே என் கருத்து. மேலே வெயில், கீழே தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம். தொப்பி மட்டும் காக்காது.

பூச விரும்புபவர் முதலில் முழங்கையின் உட்பக்கத்தில் சிறிது தடவி இரண்டு நாள் பார்க்கட்டும். பிறகு வாரம் இரண்டு இரவுகள், பயறளவு மட்டும். மேலே எண்ணெயற்ற ஈரப்பசைக் கிறீம், பகலில் எஸ்.பி.எப். 30க்குக் குறையாத வெயில்காப்புக் கிறீம். லேசான சுணைப்பு சில நிமிடங்களில் அடங்கும். அடங்காமல் எரிந்தால் கழுவிவிட்டு நிறுத்துங்கள். தேசிக்காய்ச் சாற்றை நேரடியாகப் பூசுவதும் அமிலம் பூசுவதுதான், அளவு தெரியாமல். அஸ்பிரின் ஒவ்வாதவர்கள் சலிசிலிக்கைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

ஷெல் காயத் தழும்பு, தீக்காயத் தழும்பு, தோல் ஒட்டிய இடம் உள்ளவர்கள் எம்மிடையே ஏராளம். அந்தத் தோல் மெல்லியது, சில இடங்களில் உணர்வும் குறைவு; எரிவது தெரியாமலே புண்ணாகலாம். அங்கே இந்தக் கிறீம்கள் வேண்டாம். தழும்புக்கும், சீழ் வைத்து வலிக்கும் பெரிய பருவுக்கும் யாழ். போதனா வைத்தியசாலையின் தோல் சிகிச்சைப் பிரிவில் காட்டலாம். அரச வைத்தியசாலை என்பதால் கட்டணம் இல்லை. போகும்போது பூசிய கிறீமின் டப்பாவையும் கொண்டு போங்கள்.