பெயருக்கு விலையா, வாத்தியத்துக்கு விலையா?

பொதட்டூர்பேட்டைக்குப் போகிறவர்கள் காதைக் கொஞ்சம் தியாகம் செய்யத் தயாராகப் போக வேண்டும். திருத்தணி பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் கால் வைத்தவுடனே விசைத்தறிகள் 'தடக் தடக்' என்று வரவேற்புப் பத்திரம் வாசிக்க ஆரம்பித்துவிடும். இந்த ஆரவாரத்துக்கு நடுவே ஒரு வீட்டில் மூன்று நாளாகக் கிடார் சண்டை நடந்தது என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும். அந்த வீட்டுத் திண்ணையில் நானும் உட்கார்ந்து காப்பி சாப்பிட்டேன்!

வீட்டுப் பிள்ளை ஒரு மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிக்கிறான். ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் அவனை வீட்டில் பார்க்க முடியாது. ஆனால் வாசிப்பதெல்லாம் இரவல் கிடார். சென்னையில் ஒருவரிடம் பழைய மின்சாரக் கிடார் ஒன்று விலைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறான். லேசுப்பட்ட கிடார் அல்ல. இங்கிலாந்தின் எரிக் கிளாப்டன் பெயரில் பெண்டர் கம்பெனியார் செய்தது. தலைப் பலகையில் அவருடைய கையெழுத்தே இருக்கிறது. விலை 95,000 ரூபாய்.

தாயார் சீட்டு எடுத்த பணம் ஒரு லட்சம் பீரோவில் இருந்தது. வீட்டில் உள்ள இரண்டு தறிகளில் ஒன்று பழுதாகி நிற்கிறது. தகப்பனார் தறியைப் பார்த்தார். பிள்ளை பீரோவைப் பார்த்தான். தாயார் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"நீங்களே சொல்லுங்க சார், ஒரு பேருக்கு இவ்வளவு ரூபாயா?" என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டாள்.

நியாயமான கேள்விதான். வித்வான்களின் பெயரைச் சூட்டிக் கிடார் விற்பது மேல்நாட்டில் பழைய வழக்கம். அமெரிக்காவின் கிப்ஸன் கம்பெனி 1952-லேயே லெஸ் பால் என்பவரின் பெயரில் ஒரு மின்சாரக் கிடாரை வெளியிட்டது. அவர் 2009-ல் தமது 94-வது வயதில் காலமாகிவிட்டார். கிடார் மட்டும் அதே பெயரோடு இன்னும் விற்பனையாகிறது. கிளாப்டன் பெயர் போட்ட கிடார் 1988-ல் வந்தது.

அந்தக் கிளாப்டனின் சொந்தக் கிடார் கதை ருசியானது. 1970-ல் அவர் அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்துக் கடையொன்றில் ஆறு பழைய கிடார்களை வாங்கினார். ஆமாம், எல்லாமே ஏற்கெனவே யாரோ வாசித்தவை! அவற்றில் மூன்றை ஜார்ஜ் ஹாரிசன் முதலிய மூன்று சிநேகிதர்களுக்குக் கொடுத்தார். மீதி மூன்றையும் கழற்றி, ஒன்றின் கழுத்து, ஒன்றின் உடல் என்று நல்ல நல்ல பாகங்களாகப் பொறுக்கிச் சேர்த்து ஒரே கிடாராக்கிக் கொண்டார். கறுப்பாக இருந்ததால் அதற்குப் பெயர் 'பிளாக்கி'. பல வருஷ காலம் அதைத்தான் மேடையில் வாசித்தார். 2004-ல் அது ஏலத்துக்கு வந்தபோது 9,59,500 டாலருக்குப் போயிற்று. பழைய சாமான் என்று மூக்கைச் சுளிக்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்கட்டும்.

இந்தக் கதையைச் சொன்னதும் பிள்ளையின் முகம் மலர்ந்தது. தாயார் முகம் மலரவில்லை. "கழுத்தைத் தனியாக் கழட்டலாமா?" என்று கேட்டாள்.

கழற்றலாம். பெண்டர் கிடாரில் கழுத்தை உடலோடு பிணைப்பவை நான்கே திருகாணிகள்.

"அப்போ கையெழுத்து இருக்கிற கழுத்தை வேற உடம்புல மாட்டி விக்கலாமே? முந்தானை ஒரு சேலை, உடம்பு ஒரு சேலைன்னு ஒட்டுப் போட்டா நாங்க கண்டுபிடிச்சிடுவோம். இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிடாரைத் தொட்டே பார்த்திராத அம்மாள், விஷயத்தின் நாடியைப் பிடித்துவிட்டாள்!

ஞாயிற்றுக்கிழமை மூவரும் சென்னைக்குப் புறப்பட்டோம்.

இங்கே வீணை கற்றுக்கொண்ட சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. வீணையில் மெட்டுகள் மெழுகில் பதிந்திருக்கின்றன. தேய்ந்தால், இடம் பிசகினால், மெழுகை இளக்கி மறுபடி மேளம் கட்டிக் கொள்ளலாம். கிடாரில் மெட்டு மரத்துக்குள் அறைந்த உலோகம். வருஷக்கணக்கில் கம்பியை அழுத்தி அழுத்தி அதில் பள்ளம் விழும். பள்ளம் ஆழமானால் மெட்டையே பிடுங்கிப் புதிதாகப் போட வேண்டும், செலவு பிடிக்கும். ஆகவே கையெழுத்தைப் பார்ப்பதற்கு முன் கம்பிகளுக்கு அடியில் மெட்டைப் பாருங்கள். துப்பாக்கி குறி பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தின் நீளத்தைப் பாருங்கள். முறுக்கியிருந்தால் பேச்சே வேண்டாம். லேசாக வளைந்திருந்தால் பரவாயில்லை. கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைத் திருகிச் சரி செய்யலாம். அந்தத் திருகு திரும்புகிறதா என்பதுதான் கேள்வி.

பிள்ளை இதெல்லாம் அறிந்தவன். ஒவ்வொரு மெட்டாக வாசித்தான். கழுத்து நேராக இருந்தது. முதல் நாலைந்து மெட்டுகளில் பள்ளம் தெரிந்தது. இந்த மாதிரிக் கிடாருக்குள் ஒன்பது வோல்ட் பாட்டரி ஒன்று உண்டு. ஒரு குமிழைத் திருப்பினால் நாதம் கனத்துக் கொடுக்க வேண்டும். புதுப் பாட்டரி போட்டும் குமிழ் மௌன விரதம் அனுஷ்டித்தது. ஆனாலும் உள்ளபடி சொல்கிறேன், ஆம்ப்ளிபயரில் அவன் ஒரு ராகத்தை இழைத்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. வாங்கிவிடட்டுமே என்றுதான் என் மனசு சொல்லிற்று. அசலாக இருந்து, உறையும் சான்றுப் பத்திரமும் கூடவே இருந்தால், பெயருக்குக் கொடுத்த பணம் பின்னால் விற்கும்போது பெரும்பாலும் திரும்பி வரும். தறி மோட்டாரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாதல்லவா?

"பத்திரம் இருக்குதுங்களா?" என்றாள் தாயார்.

விற்கிறவர் வீடு மாறியபோது தொலைந்துவிட்டது என்றார்.

"பரவாயில்லைங்க. அந்த நாலு திருகைக் கழட்டிக் காட்டுங்க. உள்ளே கழுத்தும் உடம்பும் ஒத்துப் போகுதான்னு தம்பி பார்த்துக்கட்டும்."

விற்கிறவர் யோசித்தார். கழற்றினால் அமைப்புக் கெட்டுவிடும் என்றார். வேண்டுமானால் ஐயாயிரம் குறைத்துக்கொள்கிறேன் என்றார். கழற்ற மட்டும் இசையவில்லை.

அந்த அம்மாள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "ஒட்டைப் பிரிச்சுக் காட்டாத சேலைக்கு நான் விலை பேசறதில்லீங்க. வரோம்."

பஸ்ஸில் திருத்தணி மலை கண்ணில் படும்வரை பிள்ளை வாய் திறக்கவில்லை. அவன்மேல் எனக்குப் பரிதாபமாக இருந்தது. அவன் கையில் அந்தக் கிடார் எப்படிப் பேசிற்று என்பதைக் கேட்டவன் நான். மலை தெரிந்ததும் மெதுவாகக் கேட்டான்.

"அம்மா, பேர் இல்லாத கிடார் இருக்குது. அதுல பாதி விலைகூட ஆகாது. ஆம்ப்ளிபயரும் சேர்த்து வாங்கிடலாம்..."

"வீட்டுக்குக் கொண்டாந்து காட்டச் சொல்லு" என்றாள் தாயார்.

"ஏம்மா வீட்டுக்கு?"

"தறி ஓடும்போது வாசிச்சுப் பார்க்கணும். மோட்டார் பக்கத்துல போனா சில கிடார் 'உய்ங்'குனு இரையும்னு நீதானே சொன்னே?"

பிள்ளை என்னைப் பார்த்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.