அம்மாவிடம் 26 கேள்வி, டீச்சரிடம் 2

நான்கு வயதுக் குழந்தை ஒரு மணி நேரத்தில் எத்தனை கேள்வி கேட்கும்? பார்பரா டிஸார்ட், மார்ட்டின் ஹியூஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இங்கிலாந்தில் இதை நிஜமாகவே எண்ணிப் பார்த்தார்கள். நான்கு வயதை ஒட்டிய 30 சிறுமிகள். பாதிப் பேர் தொழிலாளர் குடும்பம், மீதிப் பேர் நடுத்தர வர்க்கம். ஒவ்வொரு பிள்ளையின் உடையிலும் ஒரு சின்ன ஒயர்லெஸ் மைக். காலையில் நர்சரியில் பேசியதைப் பதிவு செய்தார்கள். மதியத்துக்கு மேல் வீட்டில் அம்மாவோடு பேசியதை. வீட்டில் மணிக்குச் சராசரியாக 26 கேள்விகள். நர்சரியில் 2.

1984-ல் இது புத்தகமாக வந்தது. குழந்தைகள் மையமும் குடும்பமும் சேர்ந்து வேலை செய்வது பற்றி எதைப் படிக்கப் போனாலும் எனக்கு இந்த 26-ம் 2-ம்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. ஒரே பிள்ளை, ஒரே நாள். டீச்சர் பார்க்கிற பிள்ளையும் அம்மா பார்க்கிற பிள்ளையும் வேறு வேறு.

அந்தப் புத்தகத்தில் பலருக்கும் ஞாபகம் இருக்கிற உரையாடல் ஜன்னல் துடைக்க வந்தவரைப் பற்றியது. தொழிலாளர் வீட்டுப் பிள்ளை ஒன்று, அவருக்கு எதற்குக் காசு என்று ஆரம்பிக்கிறது. அம்மா சொல்கிறார். பிள்ளைக்குப் பிடிபடவில்லை. வேறு மாதிரி கேட்கிறது, அம்மா வேறு மாதிரி சொல்கிறார். வேலை, கூலி, யார் யாருக்குக் கொடுப்பது என்று பொருளாதாரத்தின் அடிப்படையே அங்கே அலசப்படுகிறது. பாடம் நடத்தணும்னு அந்த அம்மா உட்காரவில்லை. அன்றாட வேலைக்கு நடுவில் நடந்த பேச்சு அது.

நர்சரியில் இந்த மாதிரிப் பேச்சு ஏன் நடப்பதில்லை? டீச்சர் மோசம் என்று அர்த்தமில்லை. அங்கே கேள்வி கேட்பது பெரும்பாலும் டீச்சர்தான்: இது என்ன கலர், இதில் எத்தனை இருக்கு. பிள்ளை பதில் சொல்லும், அதோடு முடிந்தது. ஒரு டீச்சருக்கு நிறையப் பிள்ளைகள் வேறு. எல்லாவற்றுக்கும் மேல், போன வாரம் பாட்டி வீட்டில் என்ன நடந்தது என்று டீச்சருக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். பாதி வாக்கியத்தில் பிள்ளை நிறுத்தினாலும் மீதியை அவரால் பிடித்துக்கொள்ள முடியும்.

இதில் எனக்கு உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. நர்சரியில் அதிகம் அடங்கிப்போனது தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள்தான். டீச்சர்களும் அவர்களிடம் இன்னும் எளிமையாக, இன்னும் குறைவாக எதிர்பார்த்தே பேசினார்கள். 1960, 70-களில் அங்கே பரவலாக இருந்த எண்ணம் என்னவென்றால், ஏழை வீடுகளில் சரியான பேச்சே கிடையாது, அதைப் பள்ளிதான் ஈடுகட்ட வேண்டும் என்பது. மைக்கில் பதிவானது அதற்கு நேர் எதிர். பேச்சு வீட்டில் இருந்தது. நர்சரி வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

அப்படியானால் பெற்றோரோடு கூட்டு என்பது மையம் குடும்பத்துக்குச் செய்கிற உபகாரம் அல்ல. மையத்துக்கே அது தேவைப்படுகிறது. குடும்பம் சொல்லாவிட்டால் தன் எதிரில் நிற்கும் பிள்ளை யாரென்றே அதற்குத் தெரியாது. (இந்தப் 'பார்ட்னர்ஷிப்'புக்குத் தமிழில் சொல் தேடினால் பங்காளி வந்து நிற்கிறார். நம்ம ஊரில் பங்காளி என்றாலே வரப்புத் தகராறுதான். 'கூட்டு' என்றே வைத்துக்கொள்கிறேன்.)

இதை ஒரு வேலைமுறையாகவே ஆக்கிக் காட்டிய இடம் பென் கிரீன். இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயர் பகுதியில் கார்பி என்ற எஃகு ஊர். 1930-களில் ஆலை வந்தபோது ஸ்காட்லாந்திலிருந்து தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து குடியேறியதால் 'குட்டி ஸ்காட்லாந்து' என்று பெயர். 1980-ல் அங்கே எஃகு உருக்குவது நின்றுபோனது. அடுத்தடுத்து ஏறத்தாழ 11,000 வேலைகள் போயின. வேலையில்லாதவர் விகிதம் 30 சதவீதத்தைத் தாண்டியது. அந்த ஊரில் 1983-ல் பென் கிரீன் குழந்தைகள் மையம் திறந்தது. தொடக்கத்திலிருந்து தலைமை ஏற்றவர் மார்கி வாலி.

இப்படி அடிபட்டுக் கிடக்கிற ஊருக்கு மையம் வந்தால் வழக்கமாக என்ன நடக்கும்? பெற்றோருக்கு 'வகுப்பு' எடுப்பார்கள். பிள்ளையை எப்படி வளர்ப்பது, என்ன ஊட்டுவது, எப்போது புத்தகம் படித்துக் காட்டுவது. பென் கிரீனில் 1990-களில் உருவான முறை வேறு. ஆசிரியர்கள் குழந்தையைக் கவனிக்கப் பயன்படுத்துகிற கோட்பாடுகளையே பெற்றோர் கையில் கொடுத்தார்கள். பிள்ளை ஒரு காரியத்தில் எவ்வளவு ஆழ்ந்து போகிறது, அதன் மனநிலை எப்படி இருக்கிறது, பெரியவர்கள் எந்த இடத்தில் தலையிடுகிறார்கள், எங்கே சும்மா இருக்கிறார்கள், அப்புறம் 'ஸ்கீமா'.

ஸ்கீமா கொஞ்சம் விளக்க வேண்டியது. சின்னப் பிள்ளைகள் ஒரே வகையான செயலைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள் இல்லையா, அந்த வடிவத்துக்குத்தான் இந்தப் பெயர். சொல் பியாஜேயிடமிருந்து வந்தது. கிறிஸ் ஏத்தி என்பவர் 1973-லிருந்து 78 வரை நடத்திய ஃப்ரோபல் ஆய்வுத் திட்டத்தில் இதைப் பிள்ளைகளிடம் தேடிப் பட்டியலிட்டார். 1990-ல் வந்த அவர் புத்தகத்தின் துணைத் தலைப்பிலேயே பெற்றோர் - ஆசிரியர் கூட்டு என்று இருக்கிறது.

ஒரு பையன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதைக் கொடுத்தாலும் தூக்கி எறிகிறான். ஸ்பூன், பந்து, அப்பாவின் செருப்பு. வீட்டில் இதற்குப் பேர் அடம், சேட்டை. மையத்தில் அவன் மாடிப்படியிலிருந்து கார் பொம்மையை உருட்டிவிட்டுக்கொண்டே இருக்கிறான். குழாயைத் திறந்து தண்ணீர் விழுவதை விட்டு நகர மாட்டேன் என்கிறான். டீச்சருக்குச் செருப்பு விஷயம் தெரியாது, அம்மாவுக்குக் குழாய் விஷயம் தெரியாது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் பொருட்கள் எப்படி நகர்கின்றன, எங்கே போய் விழுகின்றன என்பதை அவன் ஆராய்கிறான் என்று தோன்றும். இது பாதை ஸ்கீமா. இன்னொரு பிள்ளை பொம்மை, கை, தன்னையே எதிலாவது போட்டுச் சுற்றிக்கொண்டே இருக்கும், அது மூடுதல். பையில் போட்டு இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே சுமக்கிற பிள்ளைகள் எல்லா வீட்டிலும் உண்டு.

இந்தச் சொல் கைக்கு வந்ததும் அம்மாவின் நிலையே மாறுகிறது. 'இவன் எறியுறான் டீச்சர், என்ன செய்யட்டும்?' என்று தலை குனிந்து கேட்டவர், 'நேத்து ஷவருக்கு அடியில அரை மணி நேரம் நின்னு பார்த்தான்' என்று தகவல் கொடுக்கிறார். டீச்சர் அதைக் குறித்துக்கொண்டு மறுநாள் சரிவுப் பலகையும் பந்தும் எடுத்து வைக்கிறார். மையத்தில் நடந்தது வீட்டுக்குப் போகிறது, வீட்டில் நடந்தது மையத்துக்கு வருகிறது. பென் கிரீனில் இதை ஒரு வளையமாகவே வரைந்து வைத்திருக்கிறார்கள்.

அந்த வளையம் சுற்ற அவர்கள் செய்தவை எல்லாம் சாதாரண வேலைகள். பிள்ளை சேருமுன்பே வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் பொறுப்பாக ஒரு ஊழியர். பெற்றோர் வீட்டில் வீடியோ எடுத்து வருவார்கள், மையத்திலும் எடுப்பார்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். படிப்புக் குழுக்கள் பகலிலும் நடந்தன, மாலையிலும் நடந்தன. நேரம் மிக முக்கியம். காலை பதினோரு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு 'பேரன்ட்ஸ்க்கு அக்கறையே இல்லை' என்று சொல்வது எந்த ஊரிலும் நடக்கிற அநியாயம். தகப்பன்கள் வரவில்லை என்று புலம்புவதும் அப்படித்தான். பள்ளி வாட்ஸ்அப் குரூப்பையும் இதோடு சேர்க்கலாம். அட்மின் மட்டும் பதிவிடலாம் என்று பூட்டிவைத்த குரூப் வெறும் நோட்டீஸ் போர்டுதான்.

இந்தக் கூட்டு எப்போதும் இனிமையாக இருக்கும் என்று நான் நம்பவில்லை. வீட்டுக்குள் வந்து கவனிக்கிறார்கள் என்பதே சில குடும்பங்களுக்குப் பயம். அரசாங்கம் எட்டிப் பார்க்கிறதோ என்று தோன்றும். ஏழைக் குடும்பத்துக்கு அந்தப் பயம் வரக் காரணமும் உண்டு. ஸ்கீமாவைக் கண்டதெல்லாம் ஸ்கீமா என்று ஒட்டவும் செய்யலாம். ஒரு பிள்ளை வெறும் கோபத்தில் எறிவதும் உண்டுதானே.

ஆனால் அடிப்படைக் கணிப்புக்கு வலுவான ஆதரவு பிறகு வந்தது. 1997-ல் இங்கிலாந்தில் 3,000 குழந்தைகளுக்கு மேல் பின்தொடர்ந்த ஈ.பி.பி.ஈ. ஆய்வு தொடங்கியது. பெற்றோரின் படிப்பு, வேலையைவிட, வீட்டில் அவர்கள் பிள்ளையோடு என்ன செய்கிறார்கள் என்பதுதான் அதிகம் பொருட்படுகிறது என்று அது கண்டது. நன்றாக நடக்கும் மையங்களில் பெற்றோரும் ஊழியரும் பிள்ளையைப் பற்றிய தகவலைப் பகிர்ந்துகொண்டதையும் அது குறிப்பிட்டது.

அரசும் பென் கிரீனைக் கவனித்தது. 1997-க்குப் பின் 'சிறந்த தொடக்க மையங்கள்' என்று தேர்ந்தெடுத்தவற்றில் அதுவும் ஒன்று. தொடர்ந்து ஷ்யூர் ஸ்டார்ட் திட்டத்தின் கீழ், 2010-க்குள் இங்கிலாந்து முழுக்க 3,500-க்கு மேல் குழந்தைகள் மையங்கள் வந்தன. கட்டிடத்தையும் பெயர்ப் பலகையையும் அந்த வேகத்தில் எழுப்பலாம். வாரா வாரம் ஒரு தாயோடு உட்கார்ந்து வீடியோ பார்க்கிற ஊழியரை அந்த வேகத்தில் உருவாக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகம். 2010-க்குப் பின் நிதியைக் குறைத்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட மையங்கள் மூடப்பட்டன.