ரேக் மாற்றச் சொல்கிறாரா மெக்கானிக்?

அதிகாலையில் மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது பிக்கப் வண்டியின் ஸ்டியரிங் கல்லாகக் கனக்கிறது. பத்து நிமிடம் ஓடியதும் இளகிவிடுகிறது. "சூடானா சரியாயிடும் அண்ணாச்சி" என்று டிரைவரே சமாதானமும் சொல்லிவிடுகிறார். சில மாதங்களில் வண்டி நிற்கும் இடத்தில் ஆயில் கறை தெரிகிறது. வாரம் ஒருமுறை ஆயில் ஊற்றி ஓட்டுகிறார்கள். கடைசியில் எஃப்.சி. நெருங்கும்போது மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "ரேக்கே போச்சு, மாத்தணும்" என்கிறார்.

பழைய பிக்கப் வைத்திருக்கும் மளிகைக் கடைக்காரர்களுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் இது ஒரு நாள் வந்தே தீரும் செலவு. சிறிய செலவும் அல்ல. ஆகவே மெக்கானிக் சொல்வது சரிதானா, சரியென்றால் வேலையை எப்படிச் செய்து வாங்குவது என்று முதலாளிக்கும் தெரிந்திருக்க வேண்டும். சரக்கின் எடையைச் சரிபார்க்கிற நாம் இதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்படைப்பது நியாயமில்லை.

முதலில், உங்கள் வண்டியில் இருப்பது எது என்று பாருங்கள். 2005-இல் வந்த டாட்டா ஏஸ், நம் ஊர் வழக்கில் 'குட்டி யானை', பவர் இல்லாத சாதா ஸ்டியரிங்கோடுதான் வந்தது. அதற்கு ஆயில், பம்ப் பேச்செல்லாம் பொருந்தாது. பழைய பெரிய பிக்கப்புகள் சிலவற்றில் ரேக்கே கிடையாது. சேஸிஸில் பொருத்திய கியர் பாக்ஸ்தான். இங்கே சொல்வது ஆயிலால் இயங்கும் பவர் ஸ்டியரிங் ரேக் உள்ள வண்டிகளைப் பற்றி.

ரேக் என்பது பல் வெட்டிய நீளமான இரும்புத் தண்டு. ஸ்டியரிங் ராடின் முனையில் இருக்கும் சின்னப் பல்சக்கரம் அதை இடமும் வலமும் தள்ளுகிறது. பம்பிலிருந்து அழுத்தத்தோடு வரும் ஆயில், தண்டிலுள்ள பிஸ்டனைத் தள்ளி நம் கைக்குத் துணை செய்கிறது. நாம் எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கத்துக்கு ஆயிலை அனுப்புவது உள்ளே இருக்கும் வால்வ். காலையில் மட்டும் கனப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த வால்விலுள்ள சீல்களும் அவை உட்காரும் உறையும் தேய்ந்து, ஆயில் உள்ளுக்குள்ளேயே கசிவதுதான். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது. ஒரு பக்கம் திருப்பினால் லேசாகவும் மறுபக்கம் கனமாகவும் இருந்தாலும் கோளாறு ரேக்கின் உள்ளேதான் என்று சந்தேகிக்கலாம்.

இரண்டு முனையிலும் ரப்பர் பூட் இருக்கும். வண்டியின் ஆயுளைத் தீர்மானிக்கிற மலிவான சாமான்களில் இதுவும் ஒன்று. பூட் கிழிந்தால் மண்ணும் மழைநீரும் உள்ளே போகும், தண்டு துருப்பிடிக்கும், துருப்பிடித்த தண்டு ஒவ்வொரு திருப்பத்திலும் சீலை அறுக்கும். கிழிந்ததும் மாற்றியிருந்தால் சில நூறு ரூபாயோடு போயிருக்கும். பூட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே ஆயில் தளும்பினால் சீல் போய்விட்டது.

ஆனால் ஆட்டம் எல்லாமே ரேக்கால் வருவதில்லை. என்ஜின் ஓடும்போது ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிது அசைக்க, இன்னொருவர் கீழே ஒவ்வொரு இணைப்பாகக் கை வைத்துப் பார்க்க வேண்டும். வண்டி சமதளத்தில், ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்குக் கட்டை கொடுத்து நிற்கட்டும். டை ராட் எண்ட், ரேக்கின் உள் பால் ஜாயின்ட், ஸ்டியரிங் ராடின் கிராஸ், ரேக்கைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ் ஆகியவற்றில் எது தேய்ந்திருந்தாலும் ஆட்டம் வரும். இவற்றை ரேக் மாற்றாமலே தனியாகச் சரிசெய்யலாம். கனத்துக்கும் அப்படித்தான்: டயர் காற்று குறைவு, பம்ப் பெல்ட் தளர்வு, ஆயில் மட்டம் குறைவு ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே ரேக்குக்கு வர வேண்டும்.

சில இடங்களில் ரேக்கின் அட்ஜஸ்ட்மென்ட் நட்டை இறுக்கி ஆட்டத்தைக் குறைத்துத் தருவார்கள். ஓரளவுக்கு இது சரிதான். ஆனால் நேர்சாலையில் ஓடுவதே அதிகம் என்பதால் ரேக் பற்கள் நடுவில்தான் மிகுதியாகத் தேயும். நடுப்பகுதிக்கு ஏற்றபடி இறுக்கினால் ஓரங்களில் பிடிக்கும். வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது. சரக்கு ஏற்றிய வண்டியில் அது ஆபத்து.

மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானால் மூன்று வழிகள். பல்லும் தண்டும் நன்றாக இருந்து ஆயில் மட்டும் ஒழுகினால் சீல் கிட் போடலாம். தண்டில் துரு அல்லது கோடு விழுந்திருந்தால் புது சீலும் நெடுநாள் தாங்காது. அடுத்தது ரீகண்டிஷன் செய்த ரேக். தண்டைக் கிரைண்ட் செய்து முலாம் பூசினார்களா, வால்வ் உறையைக் கவனித்தார்களா, எத்தனை மாதம் வாரண்டி என்று கேட்டு, பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பெயிண்ட் மட்டும் அடித்துப் பளபளப்பாக வருவதும் உண்டு. மூன்றாவது புது ரேக். இன்னும் நான்கைந்து வருடம் ஓட்டப்போகிற வண்டி என்றால் என் ஓட்டு இதற்குத்தான். அடுத்த வருடமே விற்கிற வண்டிக்கு நல்ல ரீகண்டிஷன் போதும்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நிற்பது நல்லது. கழற்றுமுன் சக்கரங்களை நேராக வைத்து, ஸ்டியரிங் சுழலாதபடி கட்டிவிட வேண்டும். கிராஸ் பொருந்திய இடத்தில் பெயிண்டால் அடையாளம் போட வேண்டும். பழைய ஆயிலை முழுவதும் வடித்து, டேங்க்கையும் பைப்புகளையும் கழுவ வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். தேய்ந்த பம்பிலிருந்து வந்த இரும்புத் துகள் பழைய ஆயிலில் இருந்தால், அது புது ரேக்கின் சீலையும் வால்வையும் தின்றுவிடும். பிறகு "புது ரேக்கே சரியில்லை" என்று கடைக்காரரிடம் சண்டை. ஆயில் எது என்பதை வண்டியோடு வந்த புத்தகம்தான் சொல்ல வேண்டும். இருப்பதை ஊற்றிக் கலக்கக் கூடாது. பைப் இணைப்புகளுக்குப் புது வாஷர், காஸில் நட்டுக்குப் புது காட்டர் பின் போட வேண்டும். பழைய பின்னை நிமிர்த்தி மாட்ட விடாதீர்கள்.

பிறகு காற்று எடுக்க வேண்டும். முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, என்ஜினை ஓடவிடாமல் ஸ்டியரிங்கை இரு ஓரத்துக்கும் பலமுறை மெதுவாகத் திருப்பி, குறையும் ஆயிலை நிரப்ப வேண்டும். அதன் பிறகே ஸ்டார்ட் செய்து திருப்ப வேண்டும். ஆயில் மோர் போல நுரைத்தால் காற்று இன்னும் இருக்கிறது. ஓரத்துக்குத் திருப்பி அப்படியே பிடித்துக்கொண்டிருக்கவும் கூடாது, பம்ப் சூடேறிவிடும். கடை வாசலில் வண்டியை ஒடித்து நிறுத்தும் டிரைவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

அன்றே வீல் அலைன்மென்ட். இது இல்லாமல் வண்டியை எடுத்தால் முன் டயர் இரண்டும் சீக்கிரமே ஓரம் தேய்ந்து, ரேக்கில் மிச்சப்படுத்திய பணம் டயர் கடைக்குப் போகும்.

எஃப்.சி. விஷயம்: மத்திய மோட்டார் வாகன விதிகளின் 98-ஆம் விதிப்படி ஸ்டியரிங் ஆட்டம் 30 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது. கடிகாரத்தில் 12-க்கும் 1-க்கும் உள்ள இடைவெளி அது. பால் ஜாயின்ட்களுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டுகளும் பின்களும் கழன்றுவிடாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். நல்ல ரேக்கில் ஆட்டம் விரற்கடை அளவுகூட இருக்காது என்பதால், 30 டிகிரி வரை காத்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல. எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்.சி. ஆண்டுதோறும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பில் விஷயம் இன்னொன்று. வண்டி உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். ரேக் முன்பு 28-இல் இருந்தது. சரக்கு வண்டியின் பழுதுபார்ப்புக்குக் கட்டிய வரியை, சாதாரண முறையில் பதிவு செய்த வியாபாரிகள் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷனில் இருப்பவர்களுக்கு இது கிடையாது. வரி இல்லாத சரக்கும் சேர்த்து விற்பவர்கள் அதற்குரிய விகிதத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். கடையின் பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும் பில்லில் இருந்தால்தான் இதெல்லாம். துண்டுச் சீட்டில் கணக்கெழுதித் தருகிற இடத்தில் வரியும் போகும், வாரண்டியும் போகும்.

மாற்றிய பிறகு 500 கிலோமீட்டர் ஓடியதும் மவுண்டிங் போல்ட்டுகளையும் ஆயில் மட்டத்தையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய ரேக்கை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வராதீர்கள். ரீகண்டிஷன் செய்பவர்கள் அதற்கும் ஒரு விலை கொடுப்பார்கள்.