சாலை ஊராருடையது, பந்தயம் விருந்தாளி!



நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய போட்டிதான் டிரையத்லான். 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் இது முதன்முதலாக இடம் பெற்றது. ஒலிம்பிக் தூரம் 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். இதில் சரிபாதி தூரம் உள்ளதை 'ஸ்பிரின்ட்' என்பார்கள்.

சென்ற ஆண்டு, கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு மீனவ ஊரில் நடந்த ஸ்பிரின்ட் போட்டிக்கு நாங்கள் சிலர் தன்னார்வலர்களாகப் போனோம். சாலையில் இடப்பாதி சைக்கிளுக்கு, மறுபாதி பஸ், லாரிக்கு. ஊர்ச் சந்து மெயின் ரோட்டில் சேரும் முனையில் என்னை நிறுத்தினார்கள். கையில் சிவப்புக் கொடி, வாயில் விசில்.

காலை ஏழு மணி. தலையில் மீன் கூடையோடு ஓர் ஆயா வந்தார்.

"கொஞ்சம் நில்லுங்க ஆயா, ரேஸ் நடக்குது."

"எவ்ளோ நேரம் தம்பி? பஸ்ஸு போயிடும்."

எனக்கே தெரியாது! பத்து நிமிஷம் பொறுத்தார். அந்தப் பக்கம் பஸ் வந்ததும் சட்டென்று சாலையில் இறங்கிவிட்டார். வேகமாக வந்த வீரர் வளைத்து ஒடித்து விழுந்தார். ஹெல்மெட்டில் விரிசல், முழங்கையில் சிராய்ப்பு. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு. ஆயாவுக்கு அடி இல்லை, ஆனால் கூடை கவிழ்ந்துவிட்டது. வீரருக்கு முதலுதவி ஓடி வந்தது. மீனைப் பொறுக்க நானும் டீக்கடை அண்ணனும்தான்.

நாம் படித்த கணக்கையே போட்டுப் பாருங்கள். மணிக்கு 36 கி.மீ. என்றால் நொடிக்கு 10 மீட்டர். ஆளைப் பார்த்து பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி ஆனால், அதற்குள் 10 மீட்டர் போய்விடும். எதிர்முடுக்கம் 5 என்று வைத்தால், நிற்க இன்னும் 10 மீட்டர். ஆக 20 மீட்டர். பாதி வேகத்தில் போனால் ஏழரை மீட்டரே போதும். முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்டுபவருக்கு கை பிரேக்கிலேயே இருக்காது. பக்கத்தில் நிற்கும் என் கொடி என்ன செய்யும்?

ஆகவே செய்ய வேண்டியவை:

1. பாதை இடஞ்சுழியாக இருக்கட்டும். இடப்புறமே திரும்பினால் எதிர் வண்டிகளைக் குறுக்கே வெட்ட வேண்டாம்.

2. சந்து முனைக்கு ஐம்பது மீட்டர் முன்னாலேயே ஒருவர் நின்று விசில் கொடுக்க வேண்டும். இடைவெளி கிடைக்கும்போதெல்லாம் முனையில் நிற்பவர் ஊராரைக் கடத்திவிட வேண்டும்.

3. ஆம்புலன்ஸ் வந்தால் பந்தயம் நிற்க வேண்டும். இதில் பேச்சே இல்லை.

4. ஒரு வாரம் முன்பே பஞ்சாயத்து, கோயில், சர்ச், டீக்கடை எல்லா இடத்திலும் தமிழில் நோட்டீஸ். எந்த ரோடு, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, யாரைக் கேட்கலாம் என்று அதில் இருக்க வேண்டும்.

5. முடிந்ததும் பாட்டில், குப்பையைப் பொறுக்கிவிட்டு, நன்றி சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும்.

நான்காவதை 'மரியாதைக்காக' என்று நினைக்காதீர்கள். பிரேக்கைப் போல அதுவும் ஒரு பாதுகாப்புச் சாதனம்தான்.

அடுத்த வாரம் அந்த ஆயாவைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "மணி சொல்லியிருந்தா ஆறரைக்கே ரோட்டைத் தாண்டி நின்னிருப்பேனே தம்பி" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் நாங்கள் யாரும் சொல்லவில்லை.

– மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை