களிம்பேறிய இணைப்பு

மோட்டார் சைக்கிளின் மின்சார அமைப்பில் கோளாறு நேர்ந்தவுடன் பாட்டரியையோ ரெக்டிஃபையரையோ மாற்றிவிடுவதே பரிகாரம் என்று எண்ணிப் பணத்தை இறைப்பவர்கள் அநேகர். ஆனால் ஹெட்லைட் மங்குவதற்கும், ஹாரன் கம்மிப்போவதற்கும், காலையில் வண்டி செல்ப் எடுக்காமல் சண்டித்தனம் செய்வதற்கும் பல சமயங்களில் மூல காரணமாக இருப்பது, ஸீட்டுக்கும் டாங்குக்கும் அடியில் எவர் கண்ணிலும் படாமல் கிடக்கும், சில ரூபாய் கிரயமுள்ள ஒரு கனெக்டர்தான்.

பிளாஸ்டிக் கூட்டுக்குள், தகரப் பூச்சிட்ட பித்தளைப் பின்கள் ஒன்றையொன்று வில்விசையால் கவ்விக்கொண்டிருப்பதே இச்சாதனத்தின் முழு ரகசியமும். எஞ்சின் அதிரும்போதெல்லாம் இப்பின்கள் கண்ணுக்குத் தெரியாத அளவில் உராய்கின்றன. உராய்ந்து வெளிப்பட்ட தகரம் காற்றுப் பட்டு ஆக்ஸைடாகிப் பொடியாய்ச் சேர்கிறது. மழைநீரும், வாட்டர் சர்வீஸில் பீய்ச்சியடிக்கும் நீரும் உள்ளே புகுந்துவிட்டால், வயரின் செம்பிலே பச்சைக் களிம்பு ஏறத் தொடங்கும். ஆன்மாவைப் பற்றிய மலத்துக்குச் சைவ சித்தாந்திகள் உவமை காட்டினார்களே, அதே களிம்புதான்!

இதனால் விளையும் தீங்கு எவ்வளவு என்பதைச் சிறு கணக்கொன்றால் அறியலாம். பத்தில் ஒரு பங்கு ஓம் தடையுள்ள இணைப்பின் வழியே 10 ஆம்பியர் ஓடினால் 1 வோல்ட் வீணாவதோடு, அவ்விடத்தில் 10 வாட் உஷ்ணமும் பிறக்கிறது. 20 ஆம்பியர் ஓடினாலோ அது இருமடங்கன்று, நான்கு மடங்காகி 40 வாட் ஆகிவிடும். ஈயம் பற்றவைக்கும் சாதாரணச் சூட்டுக்கோலின் சக்தியே 25 வாட்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், மின்சாரம் உண்டாக்கும் காயிலிலிருந்து ரெக்டிஃபையருக்குச் செல்லும் மூன்று வயர்கள் சேரும் கப்ளர் பழுத்து, கருகி, உருகிப்போவதில் ஆச்சரியமில்லை. உஷ்ணம் பின்னின் பிடியைத் தளர்த்த, பிடி தளரத் தளரத் தடை மிக, தடை மிக மிக உஷ்ணம் பெருகும்.

குற்றவாளி எந்த இணைப்பு என்பதை அனுமானத்தால் தேட வேண்டியதில்லை. ஹெட்லைட்டை எரியவிட்டு, மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி. அளவில் வைத்து, அதற்கு மின்சாரம் செல்லும் வழியிலுள்ள கனெக்டரின் இருபுறமும் முனைகளைத் தொட்டால், நல்ல இணைப்பு ஏறக்குறைய பூஜ்யமே காட்டும். அரை வோல்ட் காட்டுமானால் அங்கே கை வைக்கலாம்.

வேலையைத் தொடங்குமுன் பாட்டரியின் நெகட்டிவ் முனையைத்தான் முதலில் கழற்ற வேண்டும். பாஸிட்டிவைக் கழற்றும்போது ஸ்பானர் சேஸிஸில் பட்டால் ஷார்ட் ஆகும் அபாயம் அதனால் நீங்குகிறது. பின்னை இழுத்துப் பிய்க்கலாகாது. அதன் முதுகிலுள்ள சிறு நாக்கை மெல்லிய ஊசித் தகட்டால் அமுக்கினால் அது தானே நழுவி வரும். வயரைச் சீவும்போது உள்ளே செம்பு கறுத்திருந்தால், மினுக்கம் காணும்வரை வெட்டித் தள்ளிவிட வேண்டும். கறுத்த செம்பில் எந்த இணைப்பும் நிலைக்காது.

புதிய பின்னின் வாலில் இரண்டு ஜோடிக் காதுகள் உண்டு. முன் ஜோடி செம்பு இழைகளைப் பற்றுவது. பின் ஜோடி வயரின் மேலுறையைப் பற்றி, அதிர்ச்சி இழைகளைத் தாக்காமல் காப்பது. தக்க கிரிம்பிங் டூலின் தாடையில் வைத்து அழுத்தினால், முன் ஜோடிக் காதுகள் இரண்டும் உட்புறமாகச் சுருண்டு இழைகளுக்கு நடுவே இறங்கி, காற்றும் நுழைய இடமின்றி உலோகத்தோடு உலோகத்தை இறுக்கிவிடும். கட்டிங் பிளேயரால் நசுக்கினால் தகடு சப்பையாகுமேயன்றி இழைகள் கவ்வப்படுவதில்லை. ஈயமின்றி நெருக்கிப் பிணைக்கும் இம்முறையை விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் பரவலாக்கியதில், 1941-இல் அமெரிக்காவில் விட்டேக்கர் என்பவர் தொடங்கிய ஏ.எம்.பி. நிறுவனத்துக்குப் பெரும்பங்கு உண்டு. ஈயம் பற்றவைப்பது இதைவிட உறுதி என்பது பலருடைய அபிப்பிராயம். ஆனால் ஈயம் இழைகளுக்கிடையே ஊறி வயரை விறைப்பாக்குவதால், விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வு அதை முறித்துவிடக்கூடும். பல்லால் கடித்து உரித்து, முறுக்கி, டேப் சுற்றும் வைத்தியத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லாமல் விடுவதே மரியாதை.

பின்னைக் கூட்டில் செருகுமுன் நாக்கைச் சற்றே நிமிர்த்தி, செருகியபின் வயரை மெல்ல இழுத்துப் பார்த்து, வாய்ப்புறத்தில் சிறிது சிலிக்கான் கிரீஸ் தடவினால் ஈரம் அண்டாது. கிரீஸ் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. நீரைத் தடுப்பதே அதன் வேலை. பிறகு எஞ்சினை ஓட்டி, சற்று வேகம் கூட்டிப் பாட்டரி முனைகளில் அளந்தால், 12 வோல்ட் வண்டியில் ஏறத்தாழ 14 வோல்ட் காண வேண்டும்.

கிரிம்பிங் டூல் வாங்கப் போகும் வாசகர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க: நிறமுள்ள பிளாஸ்டிக் உறையிட்ட லக்குகளுக்கான தாடை வேறு, காதுள்ள பின்களுக்கான தாடை வேறு. பின் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், பொருந்துகிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.